பூனை மூடிய மண்



கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் ஆசிரியர் நான். இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வரலாறு. அரசர்கள் போரிட்ட வரலாறு அன்று. கோட்டைகள் எழுந்து விழுந்த வரலாறும் அன்று. அரை அங்குல நீளம்கூட இல்லாத ஒரு புழுவின் வரலாறு. அந்தப் புழுவோடு நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த வாழ்வும், நம் வாசற்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனையின் வாழ்வும் பின்னிக் கிடக்கின்றன.

காலை நேரத்தில் ஒரு காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாருக்கும் சொந்தமில்லாத பூனை ஒன்று மெல்ல நடந்து வரும். வாழை மரத்தடியிலோ, கீரைப் பாத்தியிலோ, வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலிலோ முன்னங்காலால் குழி தோண்டும். மலம் கழிக்கும். பிறகு மோந்து பார்த்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். 'பூனைக்கு இருக்கிற சுத்தம் மனிதனுக்கு இல்லையே' என்று நாம் வியந்து பேசுவோம். மூடிய அந்த மண்ணுக்குள் அடுத்த பத்து நாளில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் பூனைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். பூனை நம் பகைவன் அன்று. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியில், ஒரு மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டு 2004-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். மனிதன் உழுது விதைத்துத் தானியம் சேர்க்கத் தொடங்கினான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் தோட்டங்களிலும் அப்படித்தான். அரிசி மூட்டை இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் பூனை இருந்தது. நம்மோடு இத்தனை காலம் வாழ்ந்த உயிர் அது. நம்மோடு வாழ்ந்ததனால், சில புழுக்களையும் நம்மோடு பங்கிட்டுக்கொண்டது.

இனிப் புழுவின் கதைக்கு வருவோம்.

1838-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரில், இறந்துபோன ஒரு பெண்ணின் உடலைச் சோதித்த அஞ்சலோ துபினி என்ற மருத்துவர், அவளுடைய சிறுகுடலில் ஒரு சிறு புழுவைக் கண்டார். குடலின் உட்சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும் புழு அது. அதைத்தான் நாம் கொக்கிப்புழு என்கிறோம். துபினி கண்டதன் பொருளை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தன. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து புனித கோத்தார்டு இரயில் சுரங்கம் வெட்டினார்கள். அங்கே வேலை செய்த ஏழை இத்தாலியத் தொழிலாளர் பலர் முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கிச் சுருண்டு விழுந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அவர்கள் குடலில் இருந்தது துபினி கண்ட அதே புழு. 1880-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் விழித்தது.

சுரங்கத்துக்குள் வெப்பம், ஈரம், வெயில் கிடையாது, மலக்கூடமும் கிடையாது. தொழிலாளி நின்ற இடத்திலேயே மலம் கழித்தான்; அதன் மேலேயே நடந்தான். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வெப்பம், ஈரம், நிழல், மண்ணில் கலந்த மலம். கித்தாக் காட்டுக்குள் காலடி வைக்கும்போது இந்த நான்கும் மறுபடி வரும்.

புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பது அப்போதும் தெரியவில்லை. அழுக்குக் கையோடு சாப்பிடுவதனால், அழுக்கு நீரைக் குடிப்பதனால் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைக் காட்டியது ஒரு விபத்து. எகிப்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். ஒரு நாள் இளம்புழுக்கள் நிறைந்த நீரில் ஒரு துளி அவருடைய கையில் சிந்திவிட்டது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. லூஸ் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடவில்லை; யோசித்தார். சில வாரம் கழித்துத் தம் மலத்தையே நுண்பெருக்காடியில் வைத்துப் பார்த்தார். கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. வாய் வழியாக அன்றி, தோலைத் துளைத்துக்கொண்டே புழு உள்ளே போயிருக்கிறது! 1898-ஆம் ஆண்டில் இதை அவர் வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். மேலும் பல சோதனைகள் செய்து அவர் நிலைநாட்டினார்.

நேயர்களே, புழு நடக்கும் பாதை இதுதான். மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் வெப்பமும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஐந்து முதல் பத்து நாளில், தோலைத் துளைக்கும் வலிமை பெற்ற இளம்புழுவாகிறது. வெறுங்கால் ஒன்று வந்து மிதிக்கும்வரை, நல்ல மண்ணானால் மூன்று நான்கு வாரம்கூட, அது உயிரோடு காத்திருக்கும். மிதித்ததும் விரலிடுக்கு வழியாக நுழைந்து இரத்தத்தோடு கலந்து, இதயம் கடந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, இறுதியில் குடலுக்கு வந்து கடித்துப் பிடிக்கிறது. காலில் வந்த அரிப்பைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். வாரங்கள் கழித்து முகம் வெளுக்கும்போது அந்த அரிப்பு யாருக்கு நினைவிருக்கும்?

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் கொக்கிப்புழுவுக்கு நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்று பெயர். 'அமெரிக்கக் கொலையாளி' என்பது பொருள். 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற அறிஞர் அதைத் தனி இனமாகப் பிரித்தறிந்தார். ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் 0.03 மில்லிலிட்டர்தான், ஒரு துளிகூட ஆகாது. ஆனால் 100 புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவு இரத்தம் மாதந்தோறும் போகிறது. கஞ்சியும் கருவாடும் தின்று வளரும் பிள்ளை அந்த இழப்பை எப்படி ஈடுசெய்யும்?

ஸ்டைல்ஸ் தம் ஆய்வை வெளியிட்டபோது அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தப் புழுவுக்கு ஒரு பட்டப் பெயர் சூட்டின: 'சோம்பல் கிருமி'. தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை வெள்ளையரைச் சோம்பேறிகள் என்று மற்றவர்கள் நெடுநாளாக ஏளனம் செய்துவந்தார்கள். உண்மையில் அவர்களுடைய இரத்தத்தைப் புழு குடித்துக்கொண்டிருந்தது. சோம்பேறி என்ற அந்தச் சொல் நமக்கும் பழகிய சொல்தானே!

இப்போது நம் கதைக்கு வருவோம். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் கித்தாக் காடுகள் பெருகின. ஆள் தேவைப்பட்டது. 1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். ஊரில் வறட்சியிலும் பட்டினியிலும் மெலிந்தவர்கள். வயிற்றில் புழுவையும் சுமந்துகொண்டு வந்தவர்கள் பலர். வந்து இறங்கிய இடமோ புழுவுக்குச் சொர்க்கம். ஆண்டு முழுவதும் மழை. கித்தா மரத்தின் குளிர்ந்த நிழல். வெறுங்காலோடு நடக்கும் நிரைகள். பல லயங்களில் மலக்கூடம் இல்லை. இருந்த இடத்திலும் போதவில்லை. மக்கள் மரத்தடிக்குப் போனார்கள். மறுநாள் அதே மரத்துக்குப் பால் வெட்ட வெறுங்காலோடு வந்தார்கள்.

புனித கோத்தார்டு சுரங்கத்தில் கண்ட அதே நான்கும் இங்கே ஒன்றுசேர்ந்துவிட்டன.

பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்க முடியாதவனை என்ன சொன்னார்கள்? சோம்பேறி என்றார்கள். மேனி வெளுத்து, மூச்சு வாங்க நிரையின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டவளை என்ன சொன்னார்கள்? வேலைக் கள்ளி என்றார்கள். அரைநாட் சம்பளம் போயிற்று. உடம்பில் இரத்தம் இல்லை என்பது கங்காணிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

1915-ஆம் ஆண்டு, ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவக் குழு ஒன்று கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்டது. அதன் தலைவர் சாமுவேல் டெய்லர் டார்லிங் என்ற அமெரிக்க மருத்துவர். பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில் அங்கே ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். பார்பர், ஹாக்கர் என்ற இரு அறிஞர்கள் அவருக்குத் துணை. மலாயா, ஜாவா, ஃபிஜித் தீவு ஆகிய இடங்களில் அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய பெரிய அறிக்கை 1920-ஆம் ஆண்டு வெளிவந்தது.

டார்லிங் குழுவினர் செய்த வேலை கேட்பதற்கு அருவருப்பாக இருக்கும். அதன் பெருமையோ பெரிது. தொழிலாளிக்குப் புழு மருந்து கொடுத்து, பேதியில் வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினார்கள். ஒருவர் வயிற்றில் புழு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் போதாது, எத்தனை புழு இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி. ஐந்து பத்துப் புழு உள்ளவன் தாக்குப்பிடிப்பான்; நூற்றுக்கணக்கில் உள்ளவன் படுத்துவிடுவான். பிறப்பிலேயே சோம்பேறியான சாதி என்று ஒன்றும் கிடையாது; புழு மிகுந்த உடம்பு என்று ஒன்று உண்டு. இதை எண்ணிக்கையாலேயே காட்ட முடிந்தது.

அந்தக் காலத்து மருந்துகள் கடுமையானவை. தைமால், செனப்போடியம் எண்ணெய் என்பன கொடுத்து, பேதி உப்பும் கொடுப்பார்கள். அளவு தவறினால் மருந்தே நஞ்சாகிவிடும். 1920-களில் அவற்றைவிடச் சிறந்த மருந்துகள் வந்தன. ஆனால் மருந்தைவிட முக்கியமான ஒரு பாடத்தை இலங்கையின் மலைத் தோட்டங்கள் கற்றுக்கொடுத்தன. அங்கும் நம் தமிழ்த் தொழிலாளர்கள்தான். 1916-ஆம் ஆண்டு அங்கே ராக்ஃபெல்லர் குழுவினர் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். தோட்டம் தோட்டமாக மருந்து கொடுத்தார்கள். புழு போயிற்று. மாதங்கள் கழித்துப் பார்த்தால் மறுபடி புழு! ஏன்? மலக்கூடம் கட்டவில்லை, மண் மாறவில்லை. வயிற்றைச் சுத்தம் செய்து, காலைப் பழைய மண்ணிலேயே வைத்தால் என்ன பயன்?

நம் நாட்டில் 1912-லும் 1923-லும் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. நாடு விடுதலை பெற்ற பின் 1966-லும் 1990-லும் தொழிலாளர் வீட்டு வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டங்கள் வந்தன. சட்டம் ஒரு பக்கம், சங்கங்கள் எழுப்பிய குரல் ஒரு பக்கம், டிரசர்களும் தாதிகளும் பட்ட பாடு ஒரு பக்கம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்நீர் வந்தது, கழிப்பறை வந்தது, காலுக்குச் சப்பாத்து வந்தது. 1974-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுக்கும் நாடளாவிய திட்டம் தொடங்கியது. புழு குறைந்துவிட்டது என்று கருதி அதை 1983-இல் நிறுத்தினார்கள். 'கொக்கிப்புழு பாட்டி காலத்துக் கதை' என்று நாமும் மறந்துவிட்டோம்.

இந்த இடத்தில்தான் பூனை கதைக்குள் வருகிறது.

கையில் துளி சிந்திய ஆர்தர் லூஸ் என்பவரை மறந்திருக்கமாட்டீர்கள். அவர் 1911-ஆம் ஆண்டு இன்னொரு புதிய கொக்கிப்புழுவை விவரித்து எழுதினார். இலங்கைப் புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட புழு அது. ஆகவே இலங்கையின் பெயரையே அதற்கு வைத்து, அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம் என்றார். விலங்கின் புழு, விலங்கோடு போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1913-இல், வங்காளத்தில் சிறைக் கைதிகளைச் சோதித்த கிளேட்டன் லேன் என்ற மருத்துவர், அதே புழுவை மனிதர் குடலில் கண்டார். பூனையின் புழு மனிதனையும் பற்றும் என்று தெரிந்துவிட்டது.

அப்படித் தெரிந்த உண்மை எப்படி மறந்துபோயிற்று? ஒரு பெயர்க் குழப்பத்தால்! 1910-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் பூனை, நாய்களிடமிருந்து வேறொரு கொக்கிப்புழுவை விவரித்திருந்தார்கள். அந்தப் புழுவும் இந்தப் புழுவும் ஒன்றே என்று அறிஞர்கள் முடிவு கட்டி இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்று இத்தாலிய அறிஞர் பியோக்கா 1951-இல் எடுத்துக்காட்டும்வரை அந்தக் குழப்பம் நீடித்தது. மேற்கு நியூகினித் தீவில் பணியாற்றிவிட்டு நெதர்லாந்து திரும்பிய படைவீரர்கள் பலரிடம் செய்லானிக்கம் புழு இருந்ததென 1964-இல் செய்தி வெளியாயிற்று. திடமான இளைஞர்களையே அது படுக்க வைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கொக்கிப்புழுவின் முட்டையும் நுண்பெருக்காடியில் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தப் புழு என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே 'கொக்கிப்புழு உண்டு' என்று மட்டும் சீட்டில் எழுதினார்கள். மரபணுச் சோதனை வந்த பிறகே திரை விலகியது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் உட்புறச் சிற்றூர்களில் ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 634 பேரில் 58 பேரிடம் கொக்கிப்புழு முட்டை இருந்தது. அவர்களில் 47 பேருடைய புழுவின் இனத்தை மரபணு வழியாக அறிய முடிந்தது: 36 பேரிடம் மனிதக் கொக்கிப்புழுவாகிய நெக்கேட்டர், 11 பேரிடம் செய்லானிக்கம். அதே இடங்களில் சோதித்த 105 நாய் பூனைகளில் 65-இன் மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்தது. ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒருவர், நாய் பூனையிடமிருந்து வந்த புழுவுக்கு உணவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இதற்குப் பொருள்.

இதை நம் நிலைமையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். மனிதன் கழிப்பறைக்குள் போய்விட்டான். ஆகவே மனிதப் புழுவின் வழி அடைபட்டது. பூனைக்கு யார் கழிப்பறை கட்டினார்கள்? அது இன்னும் நம் பாத்தியில்தான் தோண்டுகிறது. தோண்டி மூடுகிறது. மூடிய மண் நிழலாகிறது; ஈரம் காக்கிறது; வெயில் படாமல் தடுக்கிறது. புழுவின் முட்டைக்கு ஒரு தாய் தொட்டில் கட்டிக் கொடுத்தது போல! பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள். பூனை மண்ணை மூடிவிட்டால் புழுவும் செத்துவிடாது.

பூனையின் மலத்தோடு வருவது இந்த ஒரு புழு மட்டுமன்று. இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரேசிலில் கண்ட அந்த மற்றொரு கொக்கிப்புழு நம் தோலுக்குள் நுழையும். குடலுக்கு வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே அலையும். சிவப்பு நூல் வளைந்து நெளிந்து ஓடுவதுபோல் காலில் தடம் தெரியும். தாங்க முடியாத அரிப்பு. 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கடற்கரை மணலிலும் வீட்டுக்கடியில் உள்ள ஈர மணலிலும் இது வாழும். விடுமுறையில் தேசாரு கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், மணலில் துணி விரித்து உட்காருங்கள். வெறும் மணலில் படுக்கவேண்டாம்.

அடுத்தது பூனையின் உருளைப்புழு. இதன் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து முற்றும். பிறகு மாதக்கணக்கில் சாகாது. மண்ணில் விளையாடிய கையைப் பிள்ளை வாயில் வைத்தால் உள்ளே போகும். பூனை, நாய் ஆகியவற்றின் உருளைப்புழுக் குஞ்சுகள் மனித உடம்பில் வழி தவறி ஈரலிலும் நுரையீரலிலும் அலைகின்றன, சில வேளை கண்ணையும் கெடுக்கின்றன என்பதை 1950-லும் 1952-லும் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. 1908-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் ஒரு சிறு விலங்கின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது இது. மனிதனுக்கு எப்படி வருகிறது என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1965-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹட்சிசன் என்ற அறிஞர், அது பூனையின் மலத்தில் வெளியேறுகிறது என்று கண்டார். உருளைப்புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வருகிறது என்று முதலில் நினைத்தார். அது தவறு, தனக்கென்று ஓர் உறையோடுதான் வருகிறது என்பது 1970-க்குள் தெளிவாயிற்று. பெரும்பாலோரை இது ஒன்றும் செய்யாது. ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு அந்த மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம், கருச்சிதைவும் நேரலாம்.

இதைக் கேட்டு, வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடவேண்டும் என்று மாமியார்மார் கிளம்பிவிட வேண்டாம். பூனையின் மலம் வெளிவந்தவுடனே தொற்றாது. அந்த ஒட்டுண்ணி முற்றுவதற்கு ஒரு நாளாவது, பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே நாள்தோறும் அள்ளி அப்புறப்படுத்தினால் அச்சம் பெரிதும் நீங்கும். அந்த வேலையைக் கருவுற்ற பெண் செய்யாமல் கணவரோ வேறொருவரோ செய்யட்டும். அரைகுறையாக வெந்த இறைச்சியாலும் இது வரும் என்பதால் இறைச்சியை நன்றாக வேக வைக்கவேண்டும். பச்சைக் கீரையையும் உலப்பானையும் பல முறை கழுவவேண்டும்.

நேயர்களே, என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவான். விளையாட்டு நேரத்தில் ஓடமாட்டான். மணல் மேட்டில் உட்கார்ந்து பூனைக் குட்டிகளோடு விளையாடுவான். யாரும் பார்க்காதபோது மண்ணை எடுத்துத் தின்பான். நான் அவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னிலும் 'சோம்பேறி' என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். பிறகு ஒரு நாள் அவன் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்த தாதி ஒருவர், உள்ளே சிவப்பே இல்லை என்று காட்டினார். இரத்தம் சோதித்தார்கள், மலம் சோதித்தார்கள், கொக்கிப்புழு முட்டை இருந்தது. புழு மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவன் பந்தின் பின்னால் ஓடியதை நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வயிற்றில் இருந்தது மனிதப் புழுவா, பூனைப் புழுவா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எதுவாக இருந்தாலும் வந்த வழி அந்த மண்தான். நூறு ஆண்டுக்கு முன் பெரட்டுக்களத்தில் நம் பாட்டனைப் பார்த்துச் சொன்ன சொல்லை, அவர் பேரப்பிள்ளையைப் பார்த்து நானும் சொல்லிவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

ஆகவே என்ன செய்யவேண்டும்? வரலாறு சொல்வதையே சுருக்கித் தருகிறேன்.

காலுக்குச் சிலிப்பரோ சப்பாத்தோ இல்லாமல் பிள்ளையை மண்ணில் இறக்காதீர்கள். வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஒரு ஜோடி போதும். பாத்தியில் கைவேலை செய்யும்போது கையுறை அணியுங்கள்; முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மணல் குவித்தால் தார்ப்பாயால் மூடிவையுங்கள். பூனை விரும்பித் தோண்டும் பாத்தியில் பழைய கம்பி வலையையோ முள் கிளையையோ பரப்பிவிட்டால் அது வேறிடம் தேடும். வளர்ப்புப் பூனையானால் ஒரு தட்டில் மணல் போட்டுப் பழக்குங்கள். நாள்தோறும் அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். பூனை மலத்தைச் செடிக்கு உரமாக்க வேண்டாம்.

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவும்போது இரப்பர்ச் சப்பாத்து அணியுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகிக் கோத்தா திங்கியையே மூழ்கடித்தது. அதன் சேறு வீட்டுக்குள் வந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. அந்தச் சேற்றில் எவர் வீட்டுக் கழிவு கலந்தது என்று யார் அறிவார்?

பிள்ளை வெளுத்திருந்தால், மண் தின்றால், மூச்சு வாங்கினால், வகுப்பில் தூங்கினால், அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். இன்றைய புழு மருந்துகள் பாட்டி காலத்து மருந்தைப் போல் அச்சம் தருவன அல்ல. அல்பெண்டசோல் என்ற மருந்தில் பெரும்பாலும் ஒரு வேளை கொடுத்தாலே போதும். ஆனால் வயதும் அளவும் மருத்துவர் சொல்லவேண்டும். கருவுற்றவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. விளக்கெண்ணெய் குடித்தால் புழு போய்விடும் என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். குடலைக் கடித்துப் பிடித்த புழு அதற்கெல்லாம் அசையாது.

கடைசியாக, பூனையை அடிக்கவோ நஞ்சு வைக்கவோ வேண்டாம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அது குற்றம். அது போகட்டும், ஒன்றைத் துரத்தினால் சோறு மிஞ்சும் இடத்துக்கு இன்னொன்று வரத்தான் செய்யும். நீங்கள் சோறு வைக்கும் பூனைக்குக் காலம் தவறாமல் புழு மருந்தும் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் குட்டி போடாமல் இருக்க அறுவை செய்வித்தால் தெருப்பூனைகளின் கூட்டமும் குறையும். நாலு வீட்டார் சேர்ந்தால் அந்தச் செலவு பெரிதன்று.

சுரங்கத்தில் விழுந்த இத்தாலியனும், நிரையில் உட்கார்ந்த நம் பாட்டியும், சிறையில் இருந்த வங்காளியும், மேசையில் தலை வைத்த அந்தச் சிறுவனும் ஒரே மண்ணை மிதித்தவர்கள். அவர்களில் எவரும் சோம்பேறி அல்லர். குற்றம் பூனையினுடையதும் அன்று. மூடிய மண்ணுக்குள் இருப்பதைக் காண மறுத்தவர்களுடையதே குற்றம். இன்று நீங்கள் கண்டுவிட்டீர்கள். நாளைக் காலை உங்கள் வாசலில் பூனை தோண்டும்போது, பிள்ளையின் காலை ஒரு முறை பாருங்கள். சிலிப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அது போதும்.

வணக்கம்.